சிப்போராவுக்குப் பின்னால் வந்த கிணறு

சிப்போரா கணவனோடும் பத்து வயது மகளோடும் முள்ளேந்தலுக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாள் காலையில், முந்தின சாயங்காலம் வரைக்கும் கருவேல முள்ளும் ஆட்டுப்புழுக்கையும் தவிர வேறொன்றும் இல்லாமலிருந்த அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. கயிறு, உருளை, அடி நசுங்கிய செப்பு வாளி, சுற்றுச்சுவரின் இடுக்கில் முளைத்த பெரணிச்செடி, அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒரு தவளை உட்பட எல்லாம் குறைவில்லாமல் வந்து சேர்ந்திருந்தன. ராமநாதபுரத்துச் சீமையில் தண்ணீரைத் தேடி மனிதர்கள் நடப்பதுண்டு, மனிதரைத் தேடித் தண்ணீர் நடந்ததில்லை. ஆனாலும் வந்தது தண்ணீராக இருந்ததால் ஊர் அதிகம் கேள்வி கேட்கவில்லை. நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் ஒரு கை அள்ளிக் குடித்தாள், வீட்டுக்கு ஓடினாள், இரண்டு குடங்களோடு திரும்பி வந்தாள். அதிலேயே ஊருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஊருக்குப் புரியாதது கிணற்றின் சிவப்புக் கல்தான். கரிசலில் பிறந்து கரிசலில் சாகிறவர்களுக்கு அந்தக் கல் புதிது. சிப்போராவுக்கோ பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, மலையாளக் கரையில் பரவூரின் யூதர் தெருவில் அவள் பிறந்த வீட்டுக் கிணறு அது, வாளி நசுங்கியதுகூட ஏழு வயதில் அவள் கைதவறிப் போட்டு நசுங்கியது. பத்து நாள் கழித்துப் பரவூரிலிருந்து சித்தப்பாவின் கடிதமும் வந்தது. 'நீ புருஷனோடு போனது சரி, கிணற்றை எதற்குக் கூட்டிக்கொண்டு போனாய்? அது இருந்த இடத்தில் இப்போது குலை தள்ளிய வாழை ஒன்று நிற்கிறது. பழம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வாழைப்பழத்தில் குளிக்க முடியுமா?' என்று எழுதியிருந்தார். சிப்போராவின் கணவன் ஏலியா மிளகாய் வத்தல் வியாபாரி, வத்தலைத் தவிர வேறெதற்கும் ஆச்சரியப்படாதவன். 'வந்ததுதான் வந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று பதில் எழுதச் சொன்னான்.

கிணறு வந்த பிறகு முதல் வெள்ளிக்கிழமை, பொழுது சாய்கிற நேரத்தில், சிப்போரா நடுவீட்டில் தொங்கிய பித்தளை விளக்குக்குத் தேங்காயெண்ணெய் ஊற்றித் திரியேற்றி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். அதே நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் சரசரவென்று இறங்கி, அடியிலிருந்த ஈரமணலைக் காட்டிக்கொண்டு நின்றது. மறுநாள் குடத்தோடு வந்த பெண்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஊர்த்தலைவரை அங்கே அம்பலம் என்பார்கள். அம்பலம் சோணமுத்து கம்பை ஊன்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கெணத்துக்கு லீவா?"

சிப்போரா பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பதில் சொன்னாள். வானத்தையும் பூமியையும் ஆறு நாளில் படைத்துவிட்டு ஏழாம் நாள் கடவுளே வேலையை நிறுத்தி ஓய்ந்திருந்தார், அதனால் தங்கள் ஜனம் சனிக்கிழமையில் அடுப்பு மூட்டாது, சுமை தூக்காது, வண்டி ஏறாது, சாயங்காலம் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் மறுபடி வேலை, இது அந்த வீட்டுக் கிணறு, வேறு எப்படி இருக்கும் என்றாள்.

"அப்ப மாட்டுக்கு?"

"மாட்டுக்கும் ஓய்வுதான். வேலைக்காரனுக்கும் ஓய்வுதான். வீட்டுக்கு வந்த அந்நியனுக்கும் ஓய்வுதான். சட்டத்திலேயே உண்டு."

"நாங்க மாட்டுக்கு வருஷத்துல ஒரு நாளு பொங்கல் வைக்கிறோம். ஒங்க சாமி வாரத்துக்கு ஒரு நாள் வுட்டுருக்கா? நல்ல சாமிதான்," என்று சொல்லிவிட்டு அம்பலம் போனார்.

அதற்குப் பிறகு ஊர் வெள்ளிக்கிழமை மதியத்தில் இரட்டைக் குடம் எடுக்கப் பழகியது. கிணறும் வெள்ளிக்கிழமையில் இரட்டிப்பாக ஊறித் தந்தது. சனிக்கிழமை துவைக்கத் தண்ணீரில்லை, சுவர் வைக்க மண் குழைக்கத் தண்ணீரில்லை, உழுதுவிட்டு வரும் மாட்டைக் குளிப்பாட்டத் தண்ணீரில்லை, ஆகவே வேலையே இல்லை. முதல் வருஷம் முணுமுணுத்தார்கள், இரண்டாம் வருஷம் பழகிக்கொண்டார்கள், மூன்றாம் வருஷம் எப்போது சனிக்கிழமை வரும் என்று பார்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமையே ஆக்கிவைத்த சோற்றில் மோர் ஊற்றிக் குடித்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து, வாரம் முழுக்கப் பேச நேரமில்லாத பேச்சையெல்லாம் பேசினார்கள். பத்து வருஷமாகப் பேசாதிருந்த அண்ணன் தம்பிகள் செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் ஒரு சனிக்கிழமையில் சமாதானமானார்கள். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவர், வெளியூர்க்காரர், 'உங்கள் ஊரில் சனிக்கிழமைக்கு என்ன கேடு' என்று கேட்டபோது, 'கேடெல்லாம் இல்லை, அன்றைக்குக் கிணறு படுத்திருக்கும்' என்று மழை வெயிலைச் சொல்வதுபோல் சொன்னார்கள். சாயங்காலம் ஊர் முழுவதும் அண்ணாந்து நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று நட்சத்திரத்தை எண்ணும். ஓய்வுநாள் விடைபெற்றுப் போகிற வருத்தம் ஆறுவதற்காகச் சிப்போரா கிராம்பை முகர்ந்து, தன்னைச் சுற்றி நின்ற பெண்களுக்கும் நீட்டி, மலையாளத்தில் ஒரு பாட்டுப் பாடுவாள், அவள் பாடி முடிக்கும்போது அடியில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் கேட்கும்.

கிணறு ஏன் வந்தது என்று ஒருநாள் சீனியம்மாள் கேட்டாள். சிப்போரா தன் அப்பா சொன்னதைச் சொன்னாள். தங்கள் முன்னோர் எகிப்து ராஜாவுக்குச் செங்கல் அறுத்த அடிமைகள். கண்ணுக்குத் தெரியாத, உருவமில்லாத ஒரே கடவுள் அவர்களை மீட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பது வருஷம் பாலைவனத்தில் நடந்தார்கள், நடந்தவர்களில் மிரியாம் என்று ஒருத்தி இருந்தாள், அவளை முன்னிட்டு ஒரு கிணறு அந்த ஜனத்துக்குப் பின்னாலேயே வந்தது, அவள் இறந்த அன்றைக்குத் தண்ணீர் நின்றுபோனது. பிறகு அவர்களுக்கு ஒரு தேசம் கிடைத்தது, எருசலேமில் கோயில் கட்டினார்கள், எதிரிகள் கோயிலை இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள், மறுபடி இடித்தார்கள், ஜனம் திசைக்கொன்றாகச் சிதறியது, ஒரு கூட்டம் கப்பலேறி மலையாளக் கரைக்கு வந்தது. கோயிலைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, அதனால் ஒரு நாளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அதுதான் சனிக்கிழமை என்று அவள் முடித்தாள்.

சீனியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாதியிலேயே மனசில் நின்றுபோன ஒன்றைத்தான் கேட்டாள். "அக்கா, அந்த அம்மா செத்ததும் தண்ணி நின்னுருச்சா? ஒங்களுக்கு இப்ப ஒடம்பு சௌக்கியந்தானே?"

அன்றிலிருந்து சிப்போரா ஒரு தும்மல் போட்டால் ஊரில் நாலு வீட்டில் கசாயம் கொதித்தது. அவள் வாசலில் கல் கிடந்தால் யாராவது பொறுக்கிப் போட்டார்கள். இரண்டாம் வருஷம் ஏலியா விஷக்காய்ச்சலில் இறந்தபோது, தொழுகைக்கு வேண்டிய பத்து யூத ஆண்கள் அங்கே எங்கிருந்து வருவார்கள், முள்ளேந்தலின் ஆண்கள் அத்தனை பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து பேசாமல் நின்றார்கள். அவனை ஊருக்குக் கிழக்கே அடக்கம் செய்தார்கள். சிப்போரா அவனை விட்டுவிட்டுப் பரவூருக்குத் திரும்ப மாட்டேன் என்றாள். வத்தல் வியாபாரத்தைத் தானே பார்த்துக்கொண்டு மகள் லேயாவை வளர்த்தாள்.

ஒரு முறை அவள் ராமநாதபுரத்தில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. கிணறும் போய்விட்டது. அவள் தங்கிய சத்திரத்தின் பின்கட்டில் தவளையோடு போய் உட்கார்ந்துகொண்டது. முள்ளேந்தல் குடங்களைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு நடந்தது. செய்தி பரவியதும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் சிப்போராவைக் காதுகுத்துக்கும் சடங்குக்கும் விழுந்து விழுந்து அழைத்தார்கள், அதுவும் ஒரு வாரம் தங்கிப் போகும்படி. கிணற்றைக் கணக்கெடுக்க வந்த சர்வேயர், புல எண் போட்டுப் படம் வரைந்துவிட்டு மறுநாள் சரிபார்க்க வந்தபோது சிப்போரா வத்தல் எடுக்கக் கமுதிக்குப் போயிருந்தாள். வெறும் தரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த சர்வேயர், 'புறம்போக்கு' என்று எழுதிவிட்டுப் போனார்.

இப்படிப் பதினோரு வருஷம் போனது. கிணறு வருவதற்கு முந்தின கோடையில் ஊருணிச் சேற்றைக் குடித்து முள்ளேந்தலில் ஒன்பது குழந்தைகள் வாந்திபேதியில் போயின, அதில் ஒன்று சீனியம்மாளுடையது. இந்தப் பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு குழந்தைகூடப் போகவில்லை.

வெள்ளைக்காரன் போய் ஏழாவது வருஷம் அது. யூதர்களுக்கென்று இஸ்ரேல் என்ற தேசம் உண்டாகி, பரவூர்த் தெரு வீடு வீடாகக் காலியாகிக்கொண்டிருந்தது. லேயா பரவூரில் ஒருவனைக் கட்டிக்கொண்டு அவனோடு இஸ்ரேலுக்குப் போய், பாலைவனத்தில் புதிதாகப் போட்ட ஒரு குடியிருப்பில் இருந்தாள். அவளிடமிருந்து கடிதம் வந்தது. 'அம்மா, இரண்டு பிள்ளை வயிற்றிலேயே கலைந்தது உனக்குத் தெரியும். இப்போது மூன்றாவது. படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் யாருமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வந்துவிடு. இங்கே தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும், முடிந்தால் கிணற்றையும் கூட்டிக்கொண்டு வா.'

கடிதத்தைச் சிப்போரா யாரிடமும் காட்டவில்லை. ஆனால் அதைப் படித்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்தே லேயாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், வியாழக்கிழமை, அவள் கிழக்கே ஏலியாவின் சமாதிக்குப் போகும் வழியில், பதினோரு வருஷமாக யாரும் திரும்பிப் பார்க்காத பழைய ஊருணிக்குள் பெண்கள் கூடையும் மண்வெட்டியுமாக இறங்கிச் சேறு வாரிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவளைக் கண்டதும் அவர்கள் தப்புச் செய்து பிடிபட்டவர்களைப்போல நின்றார்கள். கரையில் அம்பலம் இருந்தார், இப்போது மிகவும் வயதாகிவிட்டவர்.

"கெணத்த நெனச்சு மருகாதிக, தாயி," என்றார். "இத்தன வருஷம் குடிச்சாச்சு. புள்ளைக்கு முடியலேன்னா தாய் போகத்தான் வேணும். எங்களுக்குச் சேறு புதுசில்ல."

சீனியம்மாள் சேற்றுக் கையோடு மேலே ஏறி வந்தாள். "போங்கக்கா. புள்ள போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

ஒருவராவது 'போகாதே' என்று காலைப் பிடித்திருந்தால் சிப்போராவால் கோபப்பட்டிருக்க முடியும். வீட்டுக்குத் திரும்பிக் கிணற்றங்கரையில் நின்று, அதன் சுவரைக் கையால் தட்டித் தட்டி, "எவ்வளவு பிடிவாதம் உனக்கு, ஒரு நாளாவது என் பேச்சைக் கேட்டிருக்கிறாயா, ஒரு சனிக்கிழமையாவது ஒரு சொட்டுத் தந்திருக்கிறாயா" என்று மலையாளத்தில் திட்டினாள். திட்டிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு வேலியருகே போய்ச் சீனியம்மாளைக் கூப்பிட்டாள்.

"சீனி, நாளன்னைக்கு மத்தியான பஸ்சுல போறேன்."

"நாளன்னைக்குச் சனிக்கெழமக்கா." சீனியம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்களா? பஸ்சுலயா?"

"நடக்கிறதும் ஒரு வேலைதானே. சனிக்கிழமை இந்தக் கெணறு நடக்காது. என் பின்னாடி வர முடியாது."

"சாயங்காலம் முழிச்சு வெரட்டிக்கிட்டு வந்துச்சுன்னா?"

"அது எனக்காக வந்ததுன்னு எனக்குத் தோணல. நான் காப்பாத்திக்கிட்டு வர்ற அந்த நாளுக்காக வந்துச்சு. சாயங்காலம் முழிச்சுப் பாக்கறப்ப, அந்த நாளை ஒடைச்சவ நான். காப்பாத்துனவங்க நீங்க."

"அப்ப எங்ககூட இருந்துருமா?"

"தெரியாது சீனி. இருக்கலாம். எங்கேயும் இல்லாமலும் போயிடலாம். ஆனா அன்னைக்கு இந்த ஊர்ல ஒருத்தர்கூட வேலை செய்யக் கூடாது."

"ஒங்க சாமி கோவிச்சுக்காதா?"

"ஒரு உயிரைக் காக்கறதுக்காக அந்த நாளை மீறலாம்னு எங்க சட்டமே சொல்லுது. எங்கப்பா சின்ன வயசுலயே சொல்லிக் கொடுத்தாரு." சிப்போரா தன் கையைப் பார்த்தாள். "அவர் சொல்லிக் கொடுத்தப்ப சுலபமாத்தான் இருந்துச்சு."

வெள்ளிக்கிழமை அவள் ஏலியாவின் சமாதிக்குப் போய், தங்கள் வழக்கப்படி ஒரு கூழாங்கல்லை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு வந்தாள். ஊர் இரட்டைக் குடம் எடுத்தது. சாயங்காலம் விளக்கேற்றினாள், தண்ணீர் இறங்கியது. சனிக்கிழமை உச்சிப்பொழுதில் துணிப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது தெருவின் இரண்டு பக்கத்திலும் ஊர் நின்றது. யார் கையிலும் எதுவுமில்லை. கைக்குழந்தைகளைக்கூடத் தரையில் நிற்க வைத்திருந்தார்கள், நிற்கத் தெரியாதவை உட்கார்ந்திருந்தன. எந்தக் கூரையிலும் புகையில்லை. ஐம்பத்தெட்டு வயது வரை ஒரு சனிக்கிழமைகூட ஒரு துணியைத் தூக்கிக்கொண்டு வாசற்படியைத் தாண்டாதவள், அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

பக்கத்தில் நடந்த சீனியம்மாள் பொறுக்க மாட்டாமல் பையை வாங்கக் கையை நீட்டினாள்.

"தொடாதே, சீனி. இன்னைக்குச் சுமக்கிறவ நான் மட்டுந்தான்."

சீனியம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். முழு வழியும் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். மெயின்ரோட்டில் பஸ் நின்றது. வண்டி ஏறாத நாளில் வண்டியேறியவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, அழக் கூடாத நாளில் அழுதுகொண்டே போனாள்.

மதுரை ரயிலடியில் அவள் பின்பக்கத்துக்குப் போய்ப் பார்த்தாள், கிணறு இல்லை. பம்பாயில் விமானத்துக்காகக் காத்திருந்த பதினேழு நாளும், விடிந்தவுடன் அந்த விடுதியின் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே குப்பைத்தொட்டியும் ஒரு பூனையும் இருந்தன. கிணறு தன்னோடு வரவில்லை என்பது தெரிந்தது. அது ஊரோடு இருக்கிறதா என்பதை எந்தப் பின்கட்டிலும் பார்க்க முடியவில்லை. மிரியாமின் கிணறு நின்றுபோன கதை நினைவுக்கு வரும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பாலைவனக் குடியிருப்பில் லேயா படுக்கையிலிருந்தபடியே அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு, "கிணறு எங்கேம்மா?" என்றாள். "அங்கேயே விட்டுட்டேன்," என்றாள் சிப்போரா. எப்படி என்று சொல்லவில்லை. லாரித் தண்ணீரைச் சொட்டு சிந்தாமல் பிடித்து, மகளை எழுந்திருக்கவிடாமல் மூன்று மாதம் காத்தாள். பெண்குழந்தை பிறந்து வீறிட்டு அழுதது. சுற்றிலும் எல்லோரும் ஓய்வுநாளைக் கைக்கொள்கிற ஊரில், அவளும் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றினாள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கிராம்பை முகர்ந்தாள், பாட்டு மட்டும் வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று மகளிடம் சொன்னாள்.

குழந்தைக்கு நாற்பது நாளான ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. சீனியம்மாள் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதியது. எத்தனையோ கைமாறி, மூலைகளெல்லாம் கிழிந்து வந்திருந்தது. சிப்போராவுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். முள்ளேந்தல் பள்ளிக்கூடத்தில் படித்த லேயா, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள்.

'அக்காவுக்குச் சீனி எழுதிக்கொண்டது. ஒங்க பஸ்சு போன அன்னைக்கு நாங்க எல்லாரும் கெணத்தைச் சுத்தி உக்காந்திருந்தோம். யாரும் உள்ளே எட்டிப் பாக்கலை, பயம். மூணு நட்சத்திரமும் வந்துருச்சு. அம்பலம் நாலாவது வரட்டும்னாரு, அதுவும் வந்துருச்சு. நான் ஒங்க வீட்டு மாடத்துல இருந்த கிராம்பை எடுத்து மோந்துட்டு எல்லாருக்கும் குடுத்தேன். பாட்டு வேணுமே. ஒங்க பாட்டு எங்க யாருக்கும் தெரியலை. செத்துப்போன எம்புள்ளைக்கு நான் பாடுன தாலாட்டு ஒண்ணு இருக்கு, அதைத்தான் பாடுனேன். அது போனதுலேர்ந்து அன்னைக்குத்தான் அதை மறுபடி பாடுனேன். பாதியிலேயே கீழே சத்தம் கேட்டுச்சு. வாளியை விட்டோம், தண்ணி. நல்ல தண்ணி. அதுக்கப்புறமும் வெள்ளிக்கெழமை ரெட்டையாத்தான் ஊறுது, சனிக்கெழமை இன்னமும் படுத்துக்குது. அதுல எங்களுக்கு ஒரு குறையுமில்லை. தவளை சௌக்கியம். ஏலியா அண்ணன் சமாதியில வாரம் ஒரு கல்லு வைக்கிறோம். லேயாவுக்கு என்ன பிறந்துச்சுன்னு எழுதுங்க.'

லேயா கடிதத்தை மடியில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "ஒங்க பஸ்சு போன அன்னைக்கு," என்று மறுபடி அந்த வரியைப் படித்தாள். "அம்மா, நீ சனிக்கிழமையிலா கிளம்பினே?"

சிப்போரா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சனிக்கிழமையை ஒடைச்சேன்டி," என்றாள். "ஒரு ஊரு அதை எடுத்து வச்சிருக்கு."

மறுநாள் சாயங்காலம் மூன்றாவது நட்சத்திரம் தெரிந்தபோது, பேத்தியின் மூக்கருகே ஒரு கிராம்பைக் காட்டிவிட்டு, அவள் பாட ஆரம்பித்தாள். முதலில் பரவூர்ப் பாட்டு. அது முடிந்ததும் சீனியம்மாளின் தாலாட்டு. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதினோரு வருஷம் எதையெதையோ கேட்டிருந்தாலும் அந்தப் பாட்டை மட்டும் அவள் கேட்டதே இல்லை. ஆனாலும் வார்த்தைகள், முன்பு கிணறு வந்ததுபோல, ஒன்றுவிடாமல் வந்தன.